இடது தோளில் இருந்தவர்

எங்கள் மேலாளர் கோதண்டபாணி சில மாதங்களாக என் இடது தோளுக்குள் இருந்துவந்தார். அது எனக்கே ஒரு புதன்கிழமைதான் தெரியவந்தது.

கோயம்புத்தூரில் பம்ப்செட் விற்கும் கம்பெனி எங்களுடையது. நான் கணக்குப் பிரிவு. கோதண்டபாணியின் அறை காலியாகக் கிடப்பதை எல்லோரும் பார்த்திருந்தோம். உத்தரவுகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் யாரும் அவரைத் தேடவில்லை. இடம் வீணாக வேண்டாமே என்று அந்த அறையில் காலண்டர் கட்டுகளை அடுக்கினோம்.

எனக்கு ஒரே குறை, கழுத்தை இடப்பக்கம் திருப்ப முடியாது. சாப்பிடும்போது என் மனைவி கோகிலவாணி இடப்பக்கம்தான் உட்காருவாள். அவள் முகத்தைப் பார்த்து நாளாகிவிட்டது. உடம்போடு சேர்ந்து திரும்பலாம்தான், அதற்குள் ஆபீசிலிருந்து போன் வந்துவிடும். குரலை வைத்து, நலமாக இருக்கிறாள் என்று முடிவு செய்துகொள்வேன்.

ஊழியர் நலனுக்காக நிர்வாகம் நாற்காலி மசாஜுக்கு ஏற்பாடு செய்தது. நாகர்கோவில்காரரான செல்வின் தண்ணீர் கேன் பக்கத்தில் தன் நாற்காலியை விரித்தார். அதில் முன்பக்கமாகச் சாய்ந்து, முகத்தை வளையம் போன்ற மெத்தையில் பதித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் கிடையாது, சட்டையைக் கழற்ற வேண்டியதில்லை. ரத்த ஓட்டம் சீராகும், தலைவலி குறையும், வேலையில் கவனம் கூடும் என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தார்கள். எல்லாம் உண்மைதான். எனக்கு முன்னால் உட்கார்ந்த ஸ்டோர்ஸ் மும்தாஜின் இடுப்பிலிருந்து போன வருடத்து ஆடிட்டர் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

செல்வின் என் தோள்பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினார். நிறுத்தி, காதை வைத்துக் கேட்டு, மறுபடி அழுத்தினார்.

"சார், இதுக்குள்ள ஒரு ஆள் இருக்காரு. மாசக் கடைசிக் கணக்கு முடிஞ்சுதான்னு கேக்காரு."

கோதண்டபாணிதான், இறங்கச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் மறுத்தார். உள்ளே கதகதப்பாக இருக்கிறதாம். அங்கிருந்து பார்த்தால் என் கம்ப்யூட்டர் திரை முழுதாகத் தெரிகிறதாம். தான் இறங்கிவிட்டால் நான் ஆறு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன் என்பதுதான் அவருடைய பெரிய கவலை. கிளம்ப மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் யோசிப்பாராம். செல்வின் இதையெல்லாம் பணிவாக என்னிடம் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

சரி என்று வாய்வரை வந்துவிட்டது. அவர் எதைக் கேட்டாலும் தலையாட்டியே பழகியவன் நான். ஆனால் தலை மெத்தையில் பதிந்திருந்ததால் ஆட்ட முடியவில்லை.

"நான் கிளம்பிருவேனுங்க சார்," என்றேன்.

செல்வின் முழங்கையை ஊன்றினார். முதலில் மூக்குக் கண்ணாடி வந்தது, அப்புறம் அவர். சட்டை கசங்கியிருந்தது. அத்தனை நாள் குனிந்தே இருந்ததில் அவரால் நிமிர முடியவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்கு மிச்சமிருந்த நேரத்தை அவருக்கே கொடுத்தேன். அவர் கழுத்தில் கைவைத்ததுமே செல்வின், இங்கே ஒரு அம்மா இருக்கிறார்கள் என்றார். புனேயில் இருப்பதாக நாங்கள் நினைத்திருந்த மண்டலத் தலைவிதான்.

"அவங்க இருக்கட்டும்," என்றார் கோதண்டபாணி அவசரமாக. "நீங்க இடுப்பை மட்டும் பாருங்க."

ஆறு மணிக்கு நான் கிளம்பினேன்.

வீட்டில் கோகிலவாணி தோசையை வைத்துவிட்டு இடப்பக்கம் உட்கார்ந்தாள். நான் மெதுவாகத் திரும்பினேன். முன்நெற்றி முடியில் லேசாக நரை விழுந்திருந்தது. மூக்குத்தி புதிது. அழகாக இருந்தாள். அவளுக்குப் பின்னால், சுவர் இருந்த இடத்தில், கடல் இருந்தது. சின்னச் சின்ன அலைகள், ஈர மணல், தூரத்தில் ஒரு படகு.

இது எப்போது வந்தது என்று கேட்டேன்.

"ஐப்பசியிலயே வந்துருச்சுங்க. அன்னைக்கே சொன்னேன். நீங்க உம்முன்னீங்க."

தட்டை எடுத்துக்கொண்டு அவள் தண்ணீரை நோக்கி நடந்தாள். நான் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன்.