கரண்டு குடிக்காத பெட்டி

கடைக்காரர் அந்தச் சின்னக் கம்ப்யூட்டரை வாட் மீட்டரில் செருகிக்கொண்டிருந்தபோது அவளுடைய போனில் வீட்டிலிருந்து செய்தி வந்தது. மின்சாரம் போய்விட்டது, இன்வெர்ட்டர் ஓடுகிறது. கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் தானாக அனுப்புகிற செய்தி அது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நுரையீரல் சுருங்கி, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்த பிறகு, படுத்த இடத்திலிருந்தே வீட்டை நடத்தும்படி எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டார். விளக்கு, மின்விசிறி, வாசல் பூட்டு எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் சொன்னபடி கேட்டன. இருட்டத் தொடங்கினால் விளக்கைப் போடுவதும் அதுதான். ஆக்ஸிஜன் மெஷின் ஓடுகிறதா, பேட்டரி எவ்வளவு மிச்சம் என்பதையும் அதுவே பார்த்து அவளுக்குச் சொல்லிவிடும். அதை நம்பித்தான் அவள் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். ஆனால் அது ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்ட பெரிய பெட்டி. ராப்பகலாக உறுமும். அவள் அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். மழை பிடித்துக்கொண்டு மின்சாரம் அடிக்கடி போக ஆரம்பித்த பிறகு அந்தக் கேலி குறைந்துபோயிற்று. ஆக்ஸிஜன் மெஷினும் சக்களத்தியும் ஒரே பேட்டரியில்தான் பிழைத்தன.

உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்று மலிவாக வருகிறது என்று அவள்தான் முதலில் சொன்னாள். அவர் ஒப்பவில்லை. அது மெமரி கார்டில் ஓடுவது, மின்சாரம் போய்ப் போய் வந்தால் கார்டு ஒருநாள் கைவிரித்துவிடும் என்றார். ஆபீஸ்களில் மானிட்டருக்குப் பின்னால் மாட்டியிருந்து கழித்துவிடுகிற சின்னக் கம்ப்யூட்டர் போதும், பழையதானாலும் சரி, உள்ளே உறுமுகிற விசிறி மட்டும் இருக்கக்கூடாது என்று நாலு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிச் சொல்லி முடித்தார். கடைக்காரர் பேச்சைக் கேட்காதே, மீட்டரில் போட்டுப் பார் என்றும் சொன்னார்.

"சும்மா இருக்கும்போது எட்டு வாட். எவ்வளவு வேலை செஞ்சாலும் பன்னெண்டைத் தாண்டாதுங்க," என்றார் கடைக்காரர்.

அவள் தலையாட்டினாள். பேட்டரி பாதிக்கு வந்துவிட்டதாக அடுத்த செய்தி. உபரி ஆக்ஸிஜன் சிலிண்டரைக் காலையில்தான் நிரப்ப அனுப்பியிருந்தார்கள். அது நினைவுக்கு வந்ததும், பெட்டியைக் கட்டித் தருவதாகச் சொன்ன கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லி, அப்படியே வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பஸ் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. பேட்டரி கால்வாசி என்று ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

செய்தி வந்துகொண்டிருந்தவரை பயத்துக்கு ஓர் அளவு இருந்தது. அவருக்குப் போன் செய்தாள். அடித்து ஓய்ந்தது. போனில் பேசுமளவுக்கு அவரிடம் மூச்சு இருப்பதில்லை, ஆனாலும் எடுத்து ஒரு 'ம்' சொல்வார். மாமியாரும் எடுக்கவில்லை. அவள் போன் எப்போதும்போல எங்கோ தலையணைக்கடியில் இருந்திருக்கும். செய்தி வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் நின்றால் பேட்டரி தீர்ந்துவிட்டது. பேட்டரி தீர்ந்தால். அதற்கு மேல் போகாமல் மனம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. நெரிசலில் பஸ் நின்றுபோனதும் இறங்கி ஓடினாள்.

வாசலில் வந்து நின்ற பிறகுதான் சாவி இல்லை என்பது உறைத்தது. எத்தனையோ நாளாக அவள் படியேறும் சத்தத்துக்கே அவர் கட்டிலிலிருந்து பூட்டைத் திறந்துவிடுவார். இப்போது பூட்டு அசையவில்லை. அழைப்பு மணியும் அடிக்கவில்லை. கதவைத் தட்டினாள், பிறகு உள்ளங்கையால் அறைந்தாள். உள்ளே கைத்தடி ஊன்றும் சத்தம் கேட்டது. மாமியாரின் முழங்கால்கள் அவ்வளவு மெதுவாகத்தான் வரும்.

"என்னத்துக்குக் கதவ ஒடைக்கிற," என்றாள் மாமியார்.

அவர் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆக்ஸிஜன் மெஷின் புஸ் புஸ் என்று ஓடிக்கொண்டிருந்தது. சக்களத்திதான் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தாள், பிளக் தரையில் கிடந்தது. அவருடைய போன் கைக்கு எட்டாத மேஜையில் இருந்தது.

"நான்தான்... பிடுங்கச் சொன்னேன்," என்றார். "மிச்ச பேட்டரி... இதுக்கு இருக்கட்டும்னு."

"ஒரு மெசேஜாவது போட்டிருக்கக்கூடாதா? உயிரே போயிடுச்சு எனக்கு."

"மெசேஜ் போடுறதே... அவதானே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பெட்டியை அவர் மடியில் வைத்தாள். எத்தனை வாட் என்று கேட்டார். சொன்னாள். புருவத்தை உயர்த்தி, பரவாயில்லையே என்பதுபோல அவளைப் பார்த்தார். விசிறி இல்லாத பக்கத்தை விரலால் தடவினார், எந்த ஓட்டை எதற்கு என்று எண்ணிக்கொள்வதுபோல. கொஞ்ச நேரத்தில் மின்சாரம் வந்தது. இன்றைக்கே மாற்றிவிடலாமா என்று கேட்டாள். களைப்பாக இருக்கிறது, நாளைக்குப் பார்ப்போம், நான் சொல்லச் சொல்ல நீயே செய் என்றார். சக்களத்தியை மறுபடி போடவா என்றாள். வேண்டாம், ஒருநாள் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்றார்.

அவருக்குப் பால் சூடுபண்ணப் போனாள். மெஷினின் சத்தம் சமையலறைவரை சீராகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அதனால் அவள் அவசரப்படவில்லை. அடுப்பைத் துடைத்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பாலோடு திரும்பியபோதும் மெஷின் அதே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் மார்பு அசையவில்லை. கை பெட்டியின்மேல் இருந்தது.

தெருமுனை டாக்டர் வந்து பார்த்து, மெஷினை நிறுத்திவிடலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். நிறுத்தினாள். அந்த அறையில் இத்தனை அமைதி இருந்தது யாருக்கும் நினைவில்லை. பேட்டரி தீரும்முன் மின்சாரம் வந்துவிட்டதா என்று டாக்டரைக் கேட்க வாயெடுத்தாள். அவருக்கு எப்படித் தெரியும். அவளுக்கே தெரியும், வந்துவிட்டது. இருந்தாலும் இன்வெர்ட்டரிடம் போய் அதன் பச்சை விளக்கைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள்.

சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டதாகப் போனில் சொன்னார்கள். அவளும் மாமியாரும் கட்டிலுக்கு இரண்டு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்து, அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது.

"இன்னும் லைட் வரலியே," என்றாள் மாமியார். "மறுபடியும் போயிடுச்சா?"

"இல்ல அத்தை. இருங்க, போடறேன்."

எழுந்தாள். ஸ்விட்சை யாரும் தொட்டு வெகுநாளாகியிருந்தது. அதை மறைத்து பீரோவைப் போட்டிருந்தார்கள். சுவருக்கும் பீரோவுக்கும் நடுவே கையை நுழைத்து, தூசிக்குள் துழாவி, அகப்பட்டதை அழுத்தினாள். மின்விசிறி சுற்றத் தொடங்கியது. அவர்மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியின் ஓரம் படபடத்தது. அந்த இருட்டிலேயே மாமியார் கைத்தடியை ஊன்றி எழுந்து, குனிந்து, துணியின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகினாள்.