லிசானியஸின் வாரிசு

சாட்சிகள் வந்தது காலையிலா, வெயில் ஏறிய பிறகா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. பாதியை நான் பக்கத்து வீட்டில், சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். மீதியை மெலிட்டா பல வருஷம் கழித்து, கம்பளி நூற்றுக்கொண்டே, விட்டு விட்டுச் சொன்னாள். எது நான் கேட்டது, எது அவள் சொன்னது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவள் தன் அப்பா லிசானியஸின் உதடுகளைத் தேன் கலந்த தண்ணீரால் நனைத்துக்கொண்டிருந்தாள் என்பது நிச்சயம். கலந்து கொடுத்தவள் நான்.

லிசானியஸுக்கு மூச்சு விலாவில் முட்டி முட்டி வந்தது. முற்றத்தில் மெலிட்டாவின் கணவன் ஹெகியாஸ் ஊர்க்காரர்கள் சிலரைக் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தான்.

"பெரியவர் வாயைத் திறப்பாரா, இல்ல நான் போய் என் ஒலிவ மரங்களைப் பார்த்துட்டு வரட்டுமா?" என்றார் ஒருவர்.

"மரமா? ஸ்பார்ட்டாக்காரன் உனக்குன்னு எதை வெட்டாம விட்டு வெச்சிருக்கான்?" என்றார் இன்னொருவர். யாரோ சிரித்தார்கள். பிறகு எந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது நினைவு வந்து அடங்கினார்கள்.

ஹெகியாஸ் உள்ளே எட்டிப் பார்த்தான். "கேட்டியா?"

"இன்னும் இல்ல."

"இன்னைக்கு விட்டா அப்புறம் கேட்கவே முடியாது, மெலிட்டா."

கேட்க வேண்டியது சிறிய விஷயம். எங்கள் ஏதென்ஸில் மகன் இல்லாதவர் சாகும் முன் ஒருவரைத் தத்தெடுத்துக்கொள்ளலாம். லிசானியஸ் மருமகனையே மகனாக்கிக்கொண்டால் எல்லாம் இருக்கிறபடியே இருக்கும். தத்தெடுக்காமல் செத்தால் மகள் சொத்தோடு சேர்ந்துவிடுவாள். அவள் இன்னொருவன் மனைவியாக இருந்தாலும், இன்னும் பிள்ளை பெறவில்லையென்றால், தகப்பனின் நெருங்கிய ஆண் உறவு அவளைத் தனக்கு மனைவியாகக் கேட்டு வாங்கலாம். நிலம் குடும்பத்தை விட்டுப் போகக்கூடாது என்பது சட்டம். லிசானியஸின் நெருங்கிய உறவு அவருடைய தம்பி திரசோன். மெலிட்டாவின் சித்தப்பா. அவளுக்கு அப்போது பிள்ளை இல்லை.

தத்தெடுக்க வேண்டுமானால் சாட்சிகளின் முன்னால் தனக்கு மகன் இல்லை என்று அவர் சொல்ல வேண்டும். அதைத்தான் அவர் சொல்லவில்லை. மகன் நௌசோன் சிசிலிக்குப் போன படையில் போயிருந்தான். கப்பல்கள் திரும்பவில்லை. ஊரே துக்கம் காத்தபோது லிசானியஸ் மட்டும் தலைமயிரை வெட்டிக்கொள்ளவில்லை. எலும்பு கிடைக்காதவர்களுக்காக நகரம் தூக்கிச் சென்ற வெற்றுக் கட்டிலுக்குப் பின்னால் அவர் நடக்கவுமில்லை. சாப்பாட்டு வேளையில் அவருடைய கிண்ணத்துக்குப் பக்கத்தில் நௌசோனின் கிண்ணம் இருக்க வேண்டும். மெலிட்டா அதைக் கழுவி வைப்பாள்.

"அப்பா."

"ம்."

"வெளியில ஆளுங்க வந்திருக்காங்க. அவரைப் பிள்ளையா ஏத்துக்கிறேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"மாப்பிள்ளை நல்லவன்தான். அப்புறம் நௌசோன் வந்து எங்க நிப்பான்?"

அவள் துணியைக் கிண்ணத்தில் போட்டாள். முற்றத்தில் யாரோ தும்மினார்கள்.

"அண்ணன் வராதுப்பா."

அவர் தலையைத் திருப்பினார்.

"கல்குவாரியில கைதியா வெச்சிருந்தாங்களாம். அங்கேயே செத்துப் போச்சு. கூட இருந்தவர் தப்பி வந்து சொன்னார். தண்ணி கேட்டுச்சாம்."

"எப்போ வந்தான் அந்தாளு?"

"போன குளிர்காலத்துல. நீங்க அப்போ நோயில விழுந்திருந்தீங்க. அதான் சொல்லல."

மெலிட்டா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அழுவார் என்று நினைத்தாளாம். திட்டுவார் என்றும் நினைத்தாளாம்.

"அதுக்கப்புறமும் அவன் கிண்ணத்தைக் கழுவி வெச்சிருக்க," என்றார் கடைசியில். குரலில் கோபம் இல்லை.

"ஆமாப்பா."

"கூப்பிடு அவங்கள."

சாட்சிகள் குனிந்து உள்ளே வந்தார்கள். ஹெகியாஸ் கதவருகில் நின்றான். அவன் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நானே என் வாசலிலிருந்து பார்த்தேன். மூத்தவர் முறைப்படி கேட்டார்.

"லிசானியஸ், உனக்கு மகன் இருக்கானா?"

மெலிட்டா அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள். அவர் அவளைத்தான் பார்த்தார்.

"இருக்கான்," என்றார்.

மூத்தவர் மறுபடி கேட்டார். லிசானியஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

சாவு விழுந்த வீட்டுத் தண்ணீர் தீட்டு. அதனால் வாசலில் வைக்க என் வீட்டிலிருந்து ஒரு பானைத் தண்ணீர் கொண்டுபோனேன். திரசோன் எனக்கு முன்பே வந்திருந்தார். கையில் புதிய வெள்ளைத் துணி. ஹெகியாஸின் கையிலும் ஒரு துணி இருந்தது.

"அதை மடிச்சு வைங்க மாப்ள," என்றார் திரசோன். "அண்ணனை நான் அடக்கம் பண்றேன்."

"இவ்வளவு நாளும் அவருக்குப் பீ மூத்திரம் எடுத்தது நான், மாமா."

"யாரு இல்லேன்னா? ஆனா வாரிசு யாருன்னு முடிவு பண்ண, யார் புதைச்சாங்கன்னுதான் நீதிமன்றத்துல கேட்பாங்க. அது தெரிஞ்சுதானே நீங்களும் துணியோட நிக்கிறீங்க?"

ஹெகியாஸ் கையிலிருந்த துணியைக் குனிந்து பார்த்தான்.

"எனக்கு மட்டும் இது ஆசையா?" திரசோனின் குரல் தாழ்ந்தது. "திருவிழாவுக்கு இவளைத் தோள்ல தூக்கிட்டுப் போனவன் நான். நான் வேணாம்னா அடுத்தது எங்க பெரியப்பா மகன் கேட்பான். அவனுக்கு வாயில ஒரு பல்லு கிடையாது."

"சித்தப்பா," என்றாள் மெலிட்டா.

அவர் தரையைப் பார்த்தார்.

"இனிமே அப்படிக் கூப்பிடாதம்மா."

தான் அவளை எப்படிக் கூப்பிட்டோம் என்பதை அவர் கவனிக்கவில்லை.

உடலைக் கழுவ நானும் இருந்தேன். திரசோனின் மனைவி ஃபைலா கால்மாட்டில் உட்கார்ந்து பாதங்களை எண்ணெய் விட்டுத் துடைத்தாள். மெலிட்டா தலைமாட்டில். வெளியே ஆண்கள் துணிப் பேச்சை விட்டுப் பாடை தூக்கும் பேச்சுக்கு வந்திருந்தார்கள்.

"பருப்பு வேகலைன்னா எங்க வீட்டுக்காரரு வாயைத் திறந்து சொல்ல மாட்டாரு," என்றாள் ஃபைலா. "கிண்ணத்தைத் தள்ளி வெச்சிடுவாரு. நாமதான் புரிஞ்சுக்கணும்."

மெலிட்டா நிமிர்ந்தாள். "இதை ஏன் சித்தி என்கிட்ட சொல்றீங்க?"

"வேற யாருகிட்ட சொல்றது?" ஃபைலா பாதத்தின் விரலிடுக்குகளைத் துடைத்தாள். "உன்னைக் கட்டணும்னா என்னை விடணும்ல, எனக்கும் ஆள் பார்த்துட்டாரு. தோல் பதனிடுறவனாம். நல்ல மனுஷன்னு சொல்றாரு. நாத்தம் போகப் போகப் பழகிடுமாம்." மறுபடி எண்ணெயைத் தொட்டுக்கொண்டு, "முழங்கால் வலிக்கு வெந்நீர் கேட்பாரு. ரொம்பச் சூடா வேண்டாம்," என்றாள்.

மெலிட்டா தலையை ஆட்டினாள். இருவரும் சேர்ந்து உடலைத் திருப்பினார்கள். நான் துணியை அடியில் விரித்தேன். அது திரசோன் கொண்டுவந்த துணி.

திரசோன் மெலிட்டாவைக் கேட்டுப் போட்ட வழக்கை யாரும் எதிர்க்கவில்லை. ஹெகியாஸ் துறைமுகத்துக்குப் போய்ப் போர்க்கப்பலில் துடுப்பு வலித்தான். பிறகு அங்கேயே ஒரு விதவையைக் கட்டிக்கொண்டான் என்று கேள்வி. ஃபைலா தோல்காரனின் வீட்டில் இரண்டாவது பிரசவத்தில் இறந்தாள். திரசோன் முழங்கால் வலியோடு பல வருஷம் வாழ்ந்து, படுக்கையில் செத்தார். அவர் மெலிட்டாவை ஒருநாளும் அடிக்கவில்லை. அவள் அவரை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவளுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவன் வயதுக்கு வந்ததும் லிசானியஸின் நிலம் அவன் கைக்குப் போனது. சட்டம் கேட்டது அவ்வளவுதான்.