கடி

டிஃபரன்ஷியலின் மூடியைக் கழற்றியதும் எண்ணெயோடு சில இரும்புப் பற்கள் தட்டில் விழுந்தன. மெக்கானிக் அவற்றைத் துணியில் துடைத்து மச்சினியிடம் நீட்டினார்.

"இந்தா, உன் டிபார்ட்மெண்ட்."

"கடிக்காதீங்க மாமா" என்றாள். ஆனால் வாங்கிக்கொண்டாள்.

அவள் பல் டாக்டர். அவர் மனைவிக்குத் தங்கை. வாரமெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் குனிந்திருப்பவள், ஞாயிறானால் இந்தக் காரில் ஏறிப் பந்தயத் தளத்தைச் சுற்றுவாள். கார் வந்தபோது இருந்த சக்தி அவளுக்குப் போதவில்லை. மெக்கானிக்தான் டர்போ வைத்து அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார். முன்னால் ஏற்றியதெல்லாம் பின்னால் வந்து விடிந்தது.

இன்ஜினிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைக் குறுக்கே திருப்பி, இரண்டு பின்சக்கரங்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் பெட்டிதான் டிஃபரன்ஷியல். உள்ளே பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைத் தள்ளும். கிரவுனின் பற்கள் முதல் தடவை உடைந்தபோது வண்டி நின்றது, அவ்வளவுதான். இரண்டாம் தடவை, போன ஞாயிற்றுக்கிழமை, உடைந்த பல் இடுக்கில் சிக்கிப் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. கார் வளைவில் சுழன்று, சுவரைப் பார்த்து நின்றது. காருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம்.

மனைவி அன்று பார்க்க வந்திருந்தாள். வீடு வந்ததும் சொன்னாள்:

"இன்னொரு தடவ உடைஞ்சா வண்டிய வித்துடணும். நான் சொன்னா அவ காதுலயே போட்டுக்க மாட்டா. நீங்க கை வைக்க மாட்டேன்னு சொல்லிடுங்க. வேற யாரையும் அவ தொட விடமாட்டா."

அவர் தலையாட்டியிருந்தார். தங்கைக்கும் அது தெரியும்.

ஆகவே இந்த முறை உடையாத ஒன்றாகப் பார்த்துப் போட வேண்டும். பெஞ்சின் மேல் இரண்டு இருந்தன. ஒன்று, நன்றாகக் கடினப்படுத்திய பினியனும் கிரவுனும். பழைய பெட்டிக்குள்ளேயே கச்சிதமாக உட்காரும். இன்னொன்று ஒரு சரக்கு வண்டியிலிருந்து வந்தது. பெட்டியோடு முழுசு. தடித்த சுவர், அகலமான கிரவுன். தூக்க இரண்டு பேர் வேண்டும்.

"இதுதான்" என்று மச்சினி முதலாவதைத் தட்டினாள். "உள்ள போட்டா வேலை முடிஞ்சுது. வர்ற ஞாயித்துக்கிழமையே ஓட்டலாம்."

"அது?"

"எருமைக் கன்னுக்குட்டி மாதிரி இருக்கு. நான் பந்தயத்துக்குப் போறேன் மாமா, மூட்டை ஏத்தப் போகல."

அவருக்கும் முதலாவதன் மேல்தான் கண். உடைந்தது பல். பல்லைப் பலமாக்கினால் போயிற்று. எடை கூடாது, வெட்டி ஒட்டும் வேலை இல்லை. அப்படித்தான் நினைத்தார்.

மச்சினி ஜன்னலோரம் போனாள். பையிலிருந்து தன் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து மாட்டி, உடைந்த பற்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாம் ஒரே பக்கம் உடைஞ்சிருக்கு."

"ம்."

"நடுவுல தேய்மானமே இல்ல. வெளி ஓரம் மட்டும் பளபளன்னு இருக்கு. மாமா, கடி சரியில்ல."

"கடி பாத்துத்தான் மாட்டினேன்." குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. "மஞ்சப் பெயிண்ட் தடவி, சுத்தி விட்டு, தடம் எங்க விழுதுன்னு பாக்காம நான் மூடி போடுவேனா? போட்டோ இருக்கு, பாரு."

போனை நீட்டினார். படத்தில் தடம் ஒவ்வொரு பல்லின் நடுவிலும் நெல்மணிபோல் அழகாக விழுந்திருந்தது. அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"நாங்களும் பல்லுக்கு நடுவுல கலர் பேப்பர் வச்சுப் பாப்போம்."

"தெரியும். எனக்கே வச்சியே."

"அப்ப உங்கள என்ன பண்ணச் சொன்னேன்?"

"இறுக்கிக் கடிங்கன்னு சொன்ன. கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"லேசாக் கடிச்சா எல்லாப் பல்லும் யோக்கியமாத்தான் தெரியும். நீங்க இத எப்படிக் கடிக்க வச்சீங்க?"

கிரவுனைத் துணியால் பிடித்துக்கொண்டு கையால்தான் சுற்றியிருந்தார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். தெருவில் ஓடும் எந்த வண்டிக்கும் அது போதும். இந்த இன்ஜின் கொடுக்கும் உந்தலுக்கு முன் அந்தத் துணிப்பிடி எம்மாத்திரம்? அவர் பழைய பெட்டியின் பக்கவாட்டில் விரலால் சுண்டினார். மெல்லிய அலுமினியம்.

"பல்லு இல்ல" என்றார் மெதுவாக. "தாடை."

"வளையுதா?"

"வளைஞ்சு குடுக்குது போல. பினியன் ஒதுங்கிடுது. ஓரத்துல மட்டும் கடிச்சா எந்தப் பல்லு நிக்கும்?"

சொன்னால் போதாது. புதிய பற்களைப் பழைய பெட்டிக்குள்ளேயே பொருத்தி, அளவு பார்த்து, காரின் அடியில் மாட்டினார். பின் மூடியை மட்டும் போடவில்லை. கார் ஸ்டாண்டுகளின் மேல் நின்றது. பற்களுக்குப் பெயிண்ட் தடவிக் கையால் சுற்றினார். தடம் நடுவில் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி தடவினார். பினியன் முனையில் நீளமான குழாயை மாட்டினார். இப்போது பிரேக்கைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

வீட்டுக்குள் இருந்த மனைவியைக் கூப்பிட்டார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து காரைச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள நான் உக்காரணுமா?"

"எங்கயும் போகாதுக்கா" என்றாள் தங்கை. "சக்கரம் அந்தரத்துல இருக்கு."

"அன்னிக்கும் ஒண்ணும் ஆகாதுன்னுதான்டி சொன்ன."

ஆனாலும் ஏறி உட்கார்ந்தாள்.

"பாதி அழுத்து" என்று அடியிலிருந்து கத்தினார். "சக்கரம் சுத்தணும். ஆனா மனசில்லாம சுத்தணும்."

"அது எனக்கு வரும். இந்த வீட்டுல நான் வேற என்ன பண்றேன்?"

மச்சினி சிரித்தாள். இருவரும் குழாயைப் பிடித்து இழுத்தார்கள். சக்கரங்கள் முனகிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாய்த் திரும்பின. கிரவுன் ஒரு சுற்று முடிந்ததும் அவர் விளக்கைப் பிடித்தார். மச்சினி தரையில் படுத்துத் தலையை உள்ளே நீட்டினாள்.

தடம் நடுவில் இல்லை. வெளி ஓரத்துக்குப் போய், நகக்கீறல்போல் மெலிந்திருந்தது.

இரண்டு பேர் கைபலத்துக்கே இந்த லட்சணம். பல் எத்தனை கடினமாக இருந்தாலும் அந்த ஓரத்தில்தான் அடி வாங்கும். உடையக் கொஞ்சம் நாள் பிடிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மச்சினி எழுந்து பெஞ்சுக்குப் போனாள். எருமைக் கன்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இத மாட்ட எவ்வளவு நாளாகும்?"

"இது உக்காரத் தாங்கி வெட்டணும், வெல்டிங் பண்ணணும். ஞாயித்துக்கிழமைக்கு ஆகாது."

"மெதுவாயிடும்."

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா என் முன்னால ஒருத்தன் போவான்." மூக்கை உறிஞ்சினாள். "சரி, இதப் போடுறதுன்னா சக்கரத்துக்குப் போற ஆக்சிலையும் தடிமனா போட்டுடுங்க. எதுவுமே உடையாம இருக்கட்டும்."

"மாட்டேன்."

"ஏன்?"

அவர் கையைத் துடைத்தார். அந்தச் சக்தி எங்காவது ஒரு நாள் முட்டத்தான் போகிறது. ஓரிடத்தை இறுக்கினால் அடுத்த இடம் தேடிப் போகும். கிரவுனை இறுக்கினால் ஆக்சில். ஆக்சிலையும் இறுக்கினால் கியர்பாக்ஸ். இதுவரை எதை உடையாமல் செய்வது என்றே யோசித்திருந்தார். எது உடையலாம் என்று யோசிக்கவில்லை.

"ஆக்சில் உடைஞ்சா சக்கரம் பூட்டாது" என்றார். "இழுவை போயிடும். நீ உருண்டு ஓரமா நிக்கலாம். ஏதாவது ஒண்ணு உடையணும்னா அது உடையட்டும். அத நான் தொட மாட்டேன்."

மச்சினி, "நாங்களும் பல்லோட வேரு போறதுக்கு முன்னாடி மேல போட்ட கேப்பு போகட்டும்னுதான் பாப்போம்" என்றாள். சொல்லிவிட்டு அந்தக் கனமான பெட்டியை இன்னொரு தடவை பார்த்தாள். பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "மாட்டுங்க."

காருக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"என்னங்க, அந்த ஆக்சில்னு சொன்னீங்களே. அது உடைஞ்சா வண்டி திரும்பிக்காதா?"

"திரும்பிக்காது."

"நிச்சயமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அன்னிக்கு மாதிரி திரும்பிக்காது."

மனைவியின் கால் இன்னும் பிரேக்கின் மேல்தான் இருந்தது. இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள்.

"அப்ப அது கணக்குல சேராது" என்றாள். "நான் சொன்னது கிரவுனுக்கு மட்டும்தான்."

மெக்கானிக் காரின் அடியில் படுத்துப் பழைய பெட்டியின் போல்ட்டுகளைத் தளர்த்தத் தொடங்கினார். மச்சினி, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்திலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்ல, போனோடு வாசலுக்குப் போனாள்.