இடது புருவம்

சலூன்காரர் தொழிலில் இறங்கிய இந்தப் பத்து வருஷத்தில் ஊர் எத்தனையோ தினுசாகத் தலையைக் கொடுத்திருக்கிறது. பிடரியில் மின்னல் வெட்டச் சொன்னார்கள், வெட்டினார். தாடியைப் பாதியாகப் பிரித்து இரண்டு நிறம் அடிக்கச் சொன்னார்கள், அடித்தார். எதுவும் மூன்று வாரம் தாண்டியதில்லை. இப்போது ஓடுவது ஒற்றைப் புருவம். டிவியில் பாடும் ஒருவன் இடது புருவம் இல்லாமல் வந்து நின்றான். மறுநாளே வங்கி மேலாளர் முதல் கணக்கு வாத்தியார் வரை கடை வாசலில் வரிசை.

வரிசையெல்லாம் ஓய்ந்த பிறகு வந்தவர் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். கறிக்கடைக்காரர். எந்த ஸ்டைலும் அவரிடம் வந்து சேரும்போது அதற்கு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். மறுநாள் காலை அவருடைய புதுக்கடை திறப்பு.

"வர்றவன் என்னைப் பாத்து அசந்து போகணும் மாப்ள" என்றார்.

கண்மேல் வெந்நீர்த் துண்டைப் போட்டுவிட்டு, வேலை முடிந்தபின்தான் முகத்தைக் காட்டுவது சலூன்காரரின் வழக்கம். துண்டின் சூட்டில் மச்சான் குறட்டையில் இறங்கினார். இடது புருவம் கம்பளிப்பூச்சிபோல் மடியில் விழுந்தது.

அப்போதுதான் மனைவி போன் செய்தாள். "ஏங்க, அண்ணன் வந்தா அந்தப் புருவத்தை மட்டும் தொட்டுடாதீங்க. அது ஸ்டைலே இல்லையாம். அந்தப் பாட்டுக்காரனுக்குப் படர்தாமரையாம், ஒட்டிக்குமாம். ஊரே சிரிக்குது."

சலூன்காரர் சவரக்கத்தியை மேசையில் வைத்தார். வங்கி மேலாளர் ஒரு தொப்பியில் தப்பித்துவிடுவார். படர்தாமரைக்காரன் வெட்டிய கறியை யார் வாங்குவார்கள்? மச்சானின் வலது கை நாற்காலிப் பிடியில் கிடந்தது. ஒரே போடில் தொடை எலும்பைத் துண்டாக்குகிற கை. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்கக் கண் அங்கேயே போயிற்று.

விழுந்த முடியைப் பொறுக்கி, ஜெல் தடவி ஒட்டிப் பார்த்தார். அது மெல்ல நழுவி மூக்குப் பக்கம் வந்து நின்றது. குறட்டையும் நின்றது.

மச்சான் துண்டை விலக்கிக் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். சலூன்காரர் நடந்ததை எல்லாம் தரையைப் பார்த்தே ஒப்பித்தார். மச்சான் திட்டவில்லை. எழுந்துபோய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். திரும்பி வந்து சவரக்கத்தியைக் கையில் எடுத்தார்.

"ஒருத்தனுக்கு இல்லேன்னாதான் வியாதி மாப்ள. நாளைக்குக் கடையில ரெண்டு பேரா நின்னா அது குடும்ப லட்சணம். உக்காருங்க."

நாம் ஒரே ரத்தம் இல்லையே மச்சான் என்று வாய்வரை வந்தது. கத்தி அந்தப் பக்கம் இருந்ததால் சொல்லவில்லை. உட்கார்ந்தார்.

ஈரத்துண்டு கண்ணை மூடியது. இருட்டில் கத்தி தீட்டும் சத்தம் மட்டும் கேட்டது, நீளமாக, அவசரமே இல்லாமல்.

மச்சானுக்குப் புருவம் எடுத்துப் பழக்கமில்லை. பழகிய கைதான் முன்னால் வந்தது. அது சலூன்காரரின் தாடையைப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தை நன்றாக நீட்டி வைத்தது.