மொக்கைச்சாமியின் ஒத்தையாள் ஆட்டம்

சித்தையன்கோட்டையில் மொக்கைச்சாமி மாதிரிச் சீட்டுக் கலைக்க ஆள் கிடையாது. அவன் கையில் கட்டு விசிறியாக விரியும், சத்தமில்லாமல் மூடும். ஆனால் அது ஜெயிக்கிற கை இல்லை. ஐம்பத்தெட்டாம் வருஷம் பொங்கல் கழிந்த கையோடு, பேச்சிமுத்துவின் தென்னந்தோப்பு மோட்டார் ரூமில் நடந்த ஆட்டத்தில் வீட்டுச் செவலைப் பசுவைத் தோற்றான். கன்று கத்திக்கொண்டிருக்க, பசுவை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அவன் மனைவி பொன்னழகு அழவில்லை. தைப்பூசத்துக்கு அவனைப் பழனிக்கு நடத்தியே கூட்டிப் போனாள். மொட்டைத் தலையோடு மலையடிவாரத்தில் நின்றவனிடம், "சொல்லு" என்றாள்.

"இனிமே யாரோடயும் சீட்டு ஆடமாட்டேன்" என்று அவன் மலையைப் பார்த்துச் சொன்னான்.

சொன்னபடியே இருந்தான். ஆனால் அவன் விரல்கள் சத்தியம் செய்திருக்கவில்லை. வெற்றிலையைக் கையில் எடுத்தால் விசிறியாகப் பிரித்தன. உழவுக்குப் போன இடத்திலும் கட்டைவிரல் எதையோ தள்ளிக்கொண்டே இருந்தது. தோப்புப் பக்கம் போகாமல் இருக்க, ஊரைச் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போனான்.

மல்லிகைக் கூடைகளை ரயிலேற்ற அவன் திண்டுக்கல் ஸ்டேஷனுக்குப் போவது வழக்கம். மாசி மாதம் ஒருநாள் பார்சல் ஆபீசுக்குள் நுழைந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். கிளார்க் ஞானராஜ் மேசை நிறையச் சீட்டைப் பரப்பி வைத்திருந்தார். எதிரே நாற்காலி காலியாக இருந்தது.

"ஆடுற ஆளு எங்க சார்?"

"ஆளு கெடையாது. இது ஒத்தையாள் ஆட்டம். வண்டி வர்ற வரைக்கும் பொழுது போகணும்ல."

மொக்கைச்சாமி கூடையை இறக்கி வைத்தான். "நான் யாரோடயும் ஆடமாட்டேன்னு பழனியில சத்தியம் பண்ணிருக்கேன் சார்."

"நானும் இப்ப யாரோடயும் ஆடலையே" என்றார் ஞானராஜ்.

அவர் சீட்டுகளை வாரி, புதிதாக அடுக்கிக் காட்டினார். ஏழு வரிசை. முதல் வரிசைக்கு ஒரு சீட்டு, இரண்டாவதுக்கு இரண்டு, அப்படியே ஏழாவதுக்கு ஏழு. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிச் சீட்டு மட்டும் முகம் காட்டும். மற்றதெல்லாம் கவிழ்ந்து கிடக்கும்.

"கறுப்பு மேல சிவப்பு, சிவப்பு மேல கறுப்பு. எண்ணு ஒண்ணொண்ணாக் கொறையணும். இஸ்பேட் ஒன்பது மேல சிவப்பு ஆடுதன் எட்டு வைக்கலாம், கிளாவர் எட்டு வைக்கக்கூடாது, அதுவும் கறுப்பு. மேல உள்ளது நகந்தாத்தான் கவுந்து கெடக்குறதைத் திருப்பலாம்."

"கையில மிச்சம் இருக்குற கட்டு?"

"ஒவ்வொண்ணாத் திருப்பிப் பாருங்க. எடம் இருந்தா வைங்க, இல்லேன்னா ஒதுக்குங்க. கட்டு தீந்தா ஒதுக்குனதை எடுத்து மறுபடி வாங்க. ஒரு வரிசை காலியாச்சுன்னா அங்க ராஜாதான் உக்காரலாம். ஆசு வந்தா மேல தனியா வைக்கணும். அது மேல அதே இனத்துல ரெண்டு, மூணுன்னு ராஜா வரைக்கும் ஏறணும். நாலு இனமும் ஏறிடுச்சுன்னா ஜெயிச்சீங்க."

"யாரை?"

"சீட்டுக்கட்டைத்தான்" என்று ஞானராஜ் சிரித்தார். மூலை மடங்கிய பழைய கட்டு ஒன்றை அவனிடமே கொடுத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் மாட்டுத்தொழுவத்தில் சாக்கை விரித்து அவன் அடுக்கிக்கொண்டிருந்தபோது பொன்னழகு வந்துவிட்டாள். கையில் தண்ணிச் செம்பு இருந்தது. சீட்டைப் பார்த்தாள்; அவனைப் பார்த்தாள்.

"யாருய்யா கூட?"

"யாருமில்ல புள்ள."

அவள் நம்பவில்லை. வைக்கோல் படப்புக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்தாள். திரும்பி வந்து செம்பைத் தரையில் வைத்துவிட்டு, "ஆடு. எவன் வர்றான்னு நானும் பாக்குறேன்" என்று எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

எவனும் வரவில்லை. அன்றைய ஆட்டமும் சேரவில்லை. அன்றிலிருந்து மத்தியானக் கஞ்சி குடித்ததும் அவன் சாக்கை விரிப்பதும், அவள் காவலுக்கு உட்காருவதும் வழக்கமாயிற்று. முதலில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், போகப்போகச் சீட்டைப் பார்க்கத் தொடங்கினாள். சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. ஒரு ஆட்டமும் முழுசாகச் சேர்ந்தபாடில்லை. இரண்டு இனம் மேலே ஏறும். அப்புறம் எல்லாம் அடைத்துக்கொள்ளும்.

ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் கவுந்து கெடக்குறதைச் செத்த எடுத்துப் பாத்துட்டு வையேன். யாரு பாக்கப் போறா?"

"பாக்கக்கூடாது புள்ள."

"நானா போய்ச் சொல்லப்போறேன்?"

"நீ சொல்லமாட்டே. ஆனா எனக்குத் தெரியும்ல. அப்புறம் சேந்தா என்ன, சேராட்டி என்ன?"

அவன் சீட்டை வாரிக் கலைத்துக்கொண்டிருந்தான். பொன்னழகு வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பழனியிலிருந்து திரும்பிய நாள்முதல் அவள் நெஞ்சில் இருந்த பயம் அன்றைக்குத்தான் விட்டது. யாரும் பார்க்காத இடத்தில் ஒரு சீட்டைக்கூடத் திருட்டுத்தனமாகத் திருப்பாதவன், அவளுக்குத் தெரியாமல் தோப்புக்குப் போகமாட்டான். அவள் எழுந்து போய் மோர் கரைத்துக்கொண்டு வந்தாள்.

ஆடிப்பெருக்கு அன்று பேச்சிமுத்து இரண்டு பேரோடு வந்தான். வெள்ளை வேட்டி, கழுத்தில் துண்டு.

"வா மாப்ள. நல்ல நாளு. ஒரு கை கொறையுது."

"நான் ஆட்டத்துல இருக்கேன்" என்றான் மொக்கைச்சாமி, தலை நிமிராமல்.

மூன்று பேரும் தொழுவத்துக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். "ஒத்தையிலயா? தோத்தா மாட்டை யாருக்குக் குடுப்ப?"

மொக்கைச்சாமிக்குக் காது சூடேறியது. ஆட்டம் வேறு அடைத்துப் போயிருந்தது. கிளாவர் ஏழு வரை ஏறியிருந்தது. ஆடுதன் ஆசு கண்ணிலேயே படவில்லை. கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் வழி இல்லை. பேச்சிமுத்து துண்டை உதறினான். "அதான் முடிஞ்சுபோச்சே. எந்திரி."

மொக்கைச்சாமியின் கை சீட்டுகளை வாரப் போனது.

"இருய்யா" என்றாள் பொன்னழகு. குனிந்து பார்த்தாள். "அந்த டைமன் ஏழைத் தூக்கி இஸ்பேட் எட்டு மேல வை."

"அது ஏற்கனவே கிளாவர் எட்டு மேல சரியாத்தானே இருக்கு? எட்டுல இருந்து எட்டுக்கு மாத்தி என்ன ஆகப்போகுது?"

"அடியில இருக்குற கிளாவர் எட்டு, மேல ஏறியிருக்குற ஏழோட போய்ச் சேரும்ல."

அவன் மறுபடி குனிந்து பார்த்தான். பிறகு ஏழை நகர்த்தினான். கிளாவர் எட்டு மேலே போனது. அதன் அடியில் கவிழ்ந்து கிடந்த சீட்டைத் திருப்பினான். ஆடுதன் ஆசு.

அதற்கப்புறம் அவன் கை நிற்கவில்லை. ஆடுதன் இரண்டு, மூன்று, நான்கு என்று காத்துக் கிடந்ததெல்லாம் ஏறியது. ஒரு வரிசை காலியானது. அங்கே இஸ்பேட் ராஜா உட்கார்ந்தது. பேச்சிமுத்துவோடு வந்தவர்களில் ஒருவன் தன்னையறியாமல் குந்தவைத்து, "டைமன் ராணியை ஏத்து, அந்தா கெடக்கு" என்றான். இன்னொருவன் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். கடைசி ராஜாவை மொக்கைச்சாமி மெதுவாக, அழுத்தி வைத்தான். சாக்கின் மேல் நாலு கட்டுகளைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அவன் எழுந்து நின்றான். வாழ்நாளில் எத்தனையோ ஆட்டம் ஆடியவன், முழுசாக ஜெயித்தது அன்றைக்குத்தான். கண் கலங்கியதை மறைக்க முடியாமல் பொன்னழகைப் பார்த்துச் சிரித்தான். அவளும் வாய்விட்டுச் சிரித்தாள்.

"சரி, இப்பவாவது வா" என்றான் பேச்சிமுத்து.

"அவரு வரமாட்டாருண்ணே" என்றாள் பொன்னழகு.

"ஏன் தங்கச்சி?"

"அடுத்த ஆட்டம் நான் போடப்போறேன். அவரு எதிர உக்காந்து பாக்கணும்."

சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் இடத்தில் உட்கார்ந்தாள். நாலு கட்டையும் ஒன்றாக்கி, பழக்கமில்லாத கையால் கலைக்கத் தொடங்கினாள்.