வெளிக்கிட்ட வண்டி திரும்பக்கூடாது

சிட்னியில் மெரிலேண்ட்ஸ் வீட்டைவிட்டு இரண்டாவது தெருவில் வண்டி வளையும்போதே யோகாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. விசா போன் குசினியில், சோற்றுக் குக்கருக்குப் பக்கத்தில், சார்ஜரில் கிடக்கிறது. சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். வேறு ஆரையும் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை, நடந்த அநியாயம் அவ்வளவும் அந்த வாயை மூடியதில் தொடங்கியது.

விசா போன் என்பது அந்த வீட்டில் நாலாவது ஆள். படகில் வந்து இறங்கிய வருடம் அவளுடைய புருசன் கதிர்காமநாதன் குடிவரவுக் கந்தோருக்கு எழுதிக்கொடுத்த நம்பர் அது. அதற்குப் பிறகு ஊர் உலகத்தில் எத்தனையோ நல்ல போன்கள் வந்தும், நம்பரை மாற்றினால் பதில் தவறிப்போகும் என்ற பயத்தில் பன்னிரண்டு வருடமாக மனிதர் அதையே வைத்திருந்தார். கந்தோரின் மின்னஞ்சலும் அதற்குத்தான் வரும். வேறு போனிலிருந்து திறக்கப் பார்த்தால் இரகசிய எண் மறுபடியும் அந்தச் சனியனுக்கே போகும். ஓடு வெட்டுகிற தொழிற்சாலையில் காற்சட்டைப் பையில், படுக்கும்போது தலையணைக்குக் கீழே, கக்கூசுக்குப் போனாலும் கையில். அவரும் யோகாவும், ஏழு வயதில் வந்து இப்போது பத்தொன்பதாகிவிட்ட மகள் ராகவியும் இந்த நாட்டில் இருக்கலாமா கூடாதா என்ற பதில் அதற்குள்தான் வரவேண்டும். இரண்டு தரம் மறுத்தாயிற்று. இது கடைசி விண்ணப்பம். இதுவும் இல்லையென்றால் நிரப்புவதற்கு இனி ஒரு படிவமும் கிடையாது.

அப்படியிருக்க அவள் ஏன் பேசாமல் இருந்தாள்? கேட்டால் வெட்கக்கேடு. வண்டி வெளிக்கிட்டாயிற்று, அதுதான் காரணம். இராகு காலத்துக்கு முன்னம், விடிய ஏழரைக்கு, நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்து நசுக்கி வெளிக்கிட்ட வண்டி. வெளிக்கிட்ட வண்டி திரும்பக்கூடாது. மற்றவர்களுக்கு இது வெறும் சாத்திரம். கதிர்காமநாதனின் அண்ணன் சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு ஓடும்போது சைக்கிள் பம்பை மறந்துவிட்டேன் என்று பாதி வழியில் திரும்பினவர். அதன் பிறகு அவரை ஒருவரும் காணவில்லை. அன்றைக்கிருந்து இந்தக் குடும்பம் குடையை மறந்தாலும் மணிப்பர்சை மறந்தாலும் திரும்பினதில்லை.

இன்னொன்றும் இருந்தது. மனிதர் பாடிக்கொண்டிருந்தார். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை, ஆனால் பாட்டு. வந்த நாளிலிருந்து அவர் பாடி யோகா கேட்டதில்லை. அதைக் குழப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

வண்டி அவர்களுடையதல்ல. லிட்கமில் இருக்கிற சடகோபன் என்ற தமிழ்நாட்டுப் பெடியன், கம்ப்யூட்டர் வேலைக்காரன், விடுமுறைக்குச் சென்னை போகும்போது உள்ளேயே சமைத்துப் படுக்கிற தன்னுடைய கேம்பர் வானின் சாவியைக் கொண்டுவந்து கையில் வைத்துவிட்டான். "ஒரு மாசம் சும்மாதான் நிக்கப்போகுது அண்ணா. மலை, பாலைவனம் எல்லாம் பாத்துட்டு வாங்க. இந்த ஊருக்கு வந்து இத்தன வருஷத்துல பிளாக்டவுனைத் தாண்டியிருக்கீங்களா?" என்று கேட்டான். தாண்டியதில்லை. நாட்டில் வைத்திருப்பார்களோ அனுப்புவார்களோ தெரியாதவர்கள் நாட்டைப் பார்க்கவா போவார்கள்? ஆனால் ராகவி அந்தச் சாவியைப் பார்த்த பார்வையில் தகப்பன் விழுந்துவிட்டார். அவள் வகுப்பில் படித்தவர்களெல்லாம் பல்கலைக்கழகம் போக, இவள் விசாவினால் போக முடியாமல் முதியோர் இல்லமொன்றில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தாள்.

முதல் இரண்டு நாளும் நீல மலைகள். பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று ராகவி படம் எடுத்தாள், தகப்பனைச் சிரிக்கச் சொன்னாள், அவரும் சிரித்தார். யோகா வானுக்குள்ளே புட்டு அவித்துச் சம்பல் இடித்தாள். பக்கத்து வண்டி வெள்ளைக்காரி மணத்துக்கு எட்டிப் பார்த்து, ஒரு கரண்டி வாங்கித் தின்று, கண்ணீர் வடிய நன்றி சொல்லிவிட்டுப் போனாள். எல்லாம் நல்லாய்த்தான் இருந்தது. யோகாவின் வயிற்றுக்குள் மட்டும் அந்தப் போன் அடித்துக்கொண்டேயிருந்தது.

மூன்றாம் நாள் டப்போவில் பெற்றோல் அடிக்கும்போது கதிர்காமநாதன் பையைத் தடவிப் பார்த்தார்.

"விசா போனை வீட்டை விட்டிட்டு வந்திட்டன் போல," என்றார்.

 அவர் குதிப்பார், தலையில் அடித்துக்கொள்வார், இப்பவே திரும்புவம் என்பார் என்று யோகா பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"விடும். நத்தார், புதுவருசம் எண்டு கந்தோரெல்லாம் பூட்டு. பன்னிரண்டு வருசமாய் வராதது இந்த ஒரு மாசத்தில வந்திடுமே?"

"சிறியைக் கேட்டால் சன்னலால ஏறி எடுத்து வைப்பானே," என்றாள் யோகா மெதுவாக. சிறி பக்கத்து வீட்டுக்காரன், இரவு வேலைக்குப் போய்வருகிறவன்.

"ஏன் அந்தரப்படுறீர்? அது கிடக்கட்டும் அங்க. பிள்ளைக்குச் சொல்லாதையும், பிறகு அவள் நித்திரை கொள்ளமாட்டாள்."

அவள் இன்னொரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையில் போன் இருந்தது, சிறியின் நம்பர் இருந்தது, ஒரு நிமிட வேலை. அடித்தால் எப்போது ஞாபகம் வந்தது என்ற கேள்வி வரும் என்று பயந்தாள். மனிதருக்கு வராத பதற்றம் எனக்கு மட்டும் ஏன் என்றும் தன்னைத் தேற்றிக்கொண்டாள். அறிவு கெட்டவள் என்று பின்னால் தன்னைத் தானே எத்தனை தரம் திட்டியிருப்பாள்!

அதற்குப் பிறகு ஊர்கள் சுருங்கின, வானம் பெருத்தது. புரோக்கன் ஹில்லில் வெயில் நாற்பத்தைந்து. ஈக்கள் மூக்குக்குள்ளும் கண்ணுக்குள்ளும் போயின. கதிர்காமநாதன் தலையில் சாரத்தைச் சுற்றிக்கொண்டு வண்டி ஓட்டினார். பிளிண்டர்ஸ் மலைகளில் ஒரு கிழமைக்கு மேல் நின்றார்கள். விடியற்காலையில் அந்தக் கல்மலை சிவக்கும்போது மனிதர் கதிரையைப் போட்டுத் தேத்தண்ணிக் கோப்பையோடு அசையாமல் இருப்பார். ஒரு நாள் எட்டு மணி மட்டும் குறட்டை விட்டுத் தூங்கினார். யோகா அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். கலியாணம் செய்த புதிதில் இந்த முகம் இருந்தது, பிறகு எங்கேயோ போயிருந்தது. இப்படியே ஒரு மாதம் போகட்டும் தாயே, ஊருக்குப் போய்ச் சேர்ந்து என்ன வந்தாலும் வரட்டும் என்று நினைத்தாள். நினைத்ததற்கும் சேர்த்துத்தான் வாங்கிக்கட்டினாள்.

மலையைத் தாண்டினதும் போன்களில் சிக்னல் செத்தது. நாலு நாள் மண் றோட்டு. இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லை. மரம் இல்லை, ஆடு மாடு இல்லை, கும்பிட ஒரு கல்கூட இல்லை. "இப்பிடியும் ஒரு இடத்தைப் படைச்சு வைச்சிருக்கிறானே" என்று கதிர்காமநாதன் ஆச்சரியப்பட்டார். "இதில ஒரு மூலையை எங்களுக்குத் தந்தால் குறைஞ்சே போயிடும்?" என்று கேட்டுச் சிரித்தார். ராகவியும் சிரித்தாள். கடைசியாக மூன்று பேரும் ஒன்றாய்ச் சிரித்தது அதுதான்.

சனவரி ஒன்பதாம் தேதி மத்தியானம் கூபர் பீடி வந்தார்கள். வெயிலுக்குப் பயந்து சனம் நிலத்தைக் குடைந்து வீடு கட்டியிருக்கிற ஊர். வண்டி நிற்கவும் ராகவியின் போன் உயிர்த்துக் கிணுகிணுக்கவும் சரியாக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"அப்பா, வேர் இஸ் யுவர் விசா போன்?"

சிறி ஐந்தாம் தேதி அனுப்பிய செய்தி அது. "அங்கிள்ட போன் உங்கட குசினியில விடாமல் அடிக்குது. என்னெண்டு கேட்டுச் சொல்லுங்கோ." ஆறாம் தேதி இன்னொன்று. "இன்னும் அடிக்குது."

"மறந்து விட்டிட்டு வந்திட்டனம்மா," என்றார் கதிர்காமநாதன்.

 ராகவி சிறியை எழுப்பிக் குசினி சன்னலால் ஏறவைத்தாள். அவன் இரகசிய எண்ணை வாசிக்க, இவள் தன்னுடைய போனில் மின்னஞ்சலைத் திறந்தாள். வண்டிக்குள் அடுப்பு மாதிரிச் சூடு. யோகா விசிறுவதை மறந்து மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் கடிதம் டிசம்பர் இருபத்துமூன்று. அவர்கள் புறப்பட்டு மூன்றாம் நாள், டப்போவில் பெற்றோல் அடித்த அதே நாள். மூன்று கேள்வியும் ஒரு கையெழுத்தும் கேட்டிருந்தார்கள். பதினான்கு நாளுக்குள் பதில் வேண்டும். விலாசம் அதுதானா, மகள் இன்னும் உங்களோடுதான் இருக்கிறாளா, விண்ணப்பத்தைத் தொடர விரும்புகிறீர்களா. இவ்வளவுதான். அரை மணித்தியாலத்தில் எழுதி முடிக்கலாம்.

இரண்டாவது கடிதம் சனவரி எட்டு, நேற்று. பதில் வராதபடியால் கையில் இருப்பதை வைத்து முடிவு எடுத்துவிட்டார்கள். முடிவு, விசா இல்லை.

குசினியில் அந்தப் போனைப் பதினேழு தரம் அடித்தது, அவர்களுடைய விண்ணப்பத்தைப் பார்க்கிற சட்ட உதவி நிலையத்துப் பெண். விடுமுறை முடிந்து ஐந்தாம் தேதி வந்ததும் கடிதத்தின் பிரதியைக் கண்டு, ஒரு கையெழுத்துக்காக இரண்டு நாளும் முயன்றிருக்கிறாள். ராகவி அவளோடு கதைத்தாள். ஆங்கிலத்தில் நீளமாகக் கதைத்து, கடைசியில் "யெஸ்", "யெஸ்", "ஐ அண்டர்ஸ்டாண்ட்" என்று மட்டும் சொன்னாள். போனை வைத்துவிட்டு வெளியே போய் அந்த வெயிலில் தொப்பியும் இல்லாமல் நின்றாள்.

"என்னவாம் பிள்ளை?" என்று கேட்டாள் யோகா.

"எழுதிப் பாப்பாவாம். பட், நம்பிக்கை வைக்கவேண்டாமாம். போறதுக்கு ரெடி பண்ணச் சொன்னா."

எங்கே போவதற்கு? அந்தப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது. அவளுக்கு ஞாபகமிருக்கிற ஊரெல்லாம் மெரிலேண்ட்ஸ்தான். அதை நினைத்து யோகா வாயில் சீலைத் தலைப்பை வைத்து அழுதாள்.

கதிர்காமநாதன் அழவில்லை. தண்ணீர்த் தாங்கியை நிரப்பினார், சில்லுகளில் காற்றுப் பார்த்தார், வண்டியைத் திருப்பினார். பம்பு எடுக்கப் போன அண்ணனை நினைத்து வாழ்நாள் முழுக்கத் திரும்பாத மனிதர், இரண்டாயிரம் கிலோமீட்டருக்குத் திருப்பினார். போய்ச் சேர்ந்து செய்ய ஒன்றுமில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் பாலைவனத்தில் குந்தியிருந்து மட்டும் என்ன செய்வது?

அன்றைக்கு முழுக்க ராகவி தகப்பனோடு கதைக்கவில்லை. அடுத்த நாள் ஒரே ஒரு தரம், "ஹவ் குட் யூ ஃபொர்கெட் இட்?" என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மறந்தது அவருடைய பிழையாகவே நின்றது.  யோகா மூன்றாம் தரமும் வாயை மூடினாள். 

புரோக்கன் ஹில்லுக்குக் கொஞ்சம் முன்னம், றோட்டோர இளைப்பாறும் இடமொன்றில் மத்தியானம் வண்டியை நிறுத்தினார். கொஞ்ச நேரம் ஓட்ட ஏலாது என்றார். தகரக் கூரையொன்று, ஒரு மேசை, ஒரு குப்பைத் தொட்டி, சுற்றிவர சிவப்பு மண். ராகவி பின்சீட்டில் காதுக்குள் இயர்போனைச் செருகிக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள் யோகா. "எனக்கு அண்டைக்கே ஞாபகம் வந்தது. ரெண்டாம் தெரு வளையேக்கயே. நான் சொல்லேல்ல."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி திரும்பக்கூடாதெண்டு பயந்திட்டன். நீங்களும் பாடிக்கொண்டிருந்தனீங்கள். என்ர பிழையப்பா. நீங்கள் மறந்ததில்லை, நான் சொல்லாததுதான் பிழை. என்னை ஏசுங்கோ."

ஏசினால் போதும் என்றிருந்தது அவளுக்கு. அடித்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

"நான் மறக்கேல்ல யோகா," என்றார் அவர்.

அவளுக்கு விளங்கவில்லை.

"கதவைப் பூட்டேக்க பாத்தனான். குக்கருக்குப் பக்கத்தில கிடந்தது, பச்சை லைட் எரிஞ்சுகொண்டிருந்தது. எடுக்கக் கையை நீட்டினனான். பிறகு எடுக்கேல்ல. ஒரு மாசம். ஒரே ஒரு மாசம் அது இல்லாமல் நித்திரை கொள்ளவேணும் போல கிடந்தது. வேற ஒண்டுமில்லை."

நீல மலையில் சிரித்த சிரிப்பு, தாளமில்லாத பாட்டு, எட்டு மணி மட்டும் விட்ட குறட்டை எல்லாம் எங்கிருந்து வந்தன என்று யோகாவுக்கு இப்போது விளங்கியது. அவர்மேல் கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக் குழறவேணும் போலத்தான் வந்தது.

"ரெண்டு பேருக்கும் தெரியுமா?"

ராகவி எழுந்து உட்கார்ந்திருந்தாள். காதில் செருகியதைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். எவ்வளவு நேரமாகக் கழற்றியிருந்தாளோ.



அவள் கத்தவில்லை. வழக்கம்போல் ஆங்கிலத்துக்குத் தாவவுமில்லை. இரண்டு பேருக்கும் நன்றாக விளங்கவேண்டும் என்று நினைத்தவள்போல, தெரிந்த தமிழைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"வண்டி திரும்பக்கூடாதெண்டால், என்னை இறக்கி விட்டிருக்கலாமே அம்மா. ரெண்டு தெருதானே. நான் நடந்து போய் எடுத்துக்கொண்டு வந்திருப்பன்."

யோகா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை. பின்சீட்டில் பெல்ட் மாட்டுகிற சத்தம் கேட்டது.

"வண்டியை ஓடுங்கோ அப்பா," என்றாள் ராகவி.

கதிர்காமநாதன் சாவியைத் திருகினார். சிட்னிக்கு இன்னும் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் இருந்தது.