தப்புக்குக் கால் முளைத்த கதை

"போடியில ஒரு அம்மா சொன்னத அப்படியே நம்பிட்டேன் மக்களே. தப்பு நடந்துபோச்சு."

நடிகர் மோக்ஷன் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்ன இந்த இரண்டு வரிகளை நான்கு நாளாக ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் போடி அம்மா மெஹ்ராஜ். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது. என்ன கும்பிடு அது! கை மட்டும்தான் குவிந்திருந்தது. கண் கேமராவில், நெஞ்சு வேறெங்கோ.

மோக்ஷன் ஒன்றும் ஆகாயத்திலிருந்து குதித்தவரல்ல. ராசிங்காபுரத்து மொக்கச்சாமி. சென்னைக்குப் போய்ப் பத்துப் படம் நடித்ததில் மொக்கை உதிர்ந்து மோட்சம் கிடைத்துவிட்டது. இப்போது படம் குறைந்துபோனதால் ஊர் ஊராகச் சென்று சமைத்து யூடியூபில் போடுகிறார். அவர் ஒரு வாய் தின்று 'ப்பா' என்றால் பத்து லட்சம் பேர் எச்சில் விழுங்குகிறார்கள். யாருக்கும் தெரியாத சமையல் ஒன்று வேண்டும் என்று அவர் கேட்டபோது, மெஹ்ராஜின் கணவர் அப்துல் ஹமீதுதான் பெருமையாகச் சொன்னார்: "எங்க வீட்டம்மாவுக்கு யூதச் சமையல் அத்துபடி."

பொய்யில்லை. போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் அவர்கள் பதினேழு வருஷம் இருந்தார்கள். ஹமீதுக்குக் காய் உலர்த்தும் ஸ்டோரில் சோலி, மெஹ்ராஜுக்குப் பங்களா அடுக்களையில். தோட்டத்து முதலாளியம்மா சாரா கொச்சிப் பக்கத்து யூதப் பெண்மணி. அவர் அடுக்களையில் சிவப்பு விளிம்புச் சட்டிகள் இறைச்சிக்கு, நீல விளிம்புச் சட்டிகள் பாலுக்கு. இதன் கரண்டி அதில் படக்கூடாது. கறியும் பாலும் ஒரே வேளையில் மேஜைக்கு வரக்கூடாது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கோழிக்குழம்பு இறங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு அவர்களின் ஓய்வுநாள்; மறுநாள் இருட்டும் வரை அந்த வீட்டில் தீ மூட்டமாட்டார்கள்.

"ஆடு மாடுன்னா சரிம்மா, கோழிக்கு ஏது பாலு?" என்று புதிதில் மெஹ்ராஜ் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

"வரம்பு கோழிக்கில்ல மெஹ்ராஜ், நமக்கு" என்றார் சாரா.

பன்றியைத் தொடாத வீட்டில் பிறந்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து குழம்புக்குத் தேங்காயைப் பிழிந்து கெட்டிப்பால் எடுத்து ஊற்றினாள். அந்த அடுக்களையில் வெறுமனே 'பால்' என்றால் தேங்காய்ப்பால்தான். மாட்டுப்பாலுக்குத்தான் அடைமொழி. சாரா அம்மா காலமாகி, தோட்டம் கைமாறி, இவர்கள் போடிக்கு இறங்கி வந்து ஆறு வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் அவள் நாக்கை விட்டுப் போகவில்லை. வினை அங்கேதான் இருந்தது.

படப்பிடிப்பன்று மெஹ்ராஜ் தேங்காய்ப்பாலைப் பிழிந்து கிண்ணத்தில் தயாராக வைத்திருந்தாள். கோழி வெந்து, நசுக்கிய ஏலக்காய் மணம் எழும்போது கேமராவைப் பார்த்து, "இப்ப பால ஊத்தணும்" என்றாள். மோக்ஷன் கிண்ணத்தைத் தொடவே இல்லை. அவருடைய நிகழ்ச்சிக்கு விளம்பரம் தரும் கம்பெனியின் க்ரீம் பாக்கெட்டை எடுத்து, பெயர் தெரியும்படி திருப்பிப் பிடித்து, 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்கிற மாதிரி முழுப் பாக்கெட்டையும் சட்டியில் கவிழ்த்தார். வீடியோவில் அவள் குரலும் அவர் கையும் அடுத்தடுத்து வந்தன. பார்க்கிறவர்களுக்கு அவள் சொல்லித்தான் அவர் ஊற்றினார்.

'மலையில் வாழ்ந்த யூத அம்மா சாராவின் வெள்ளிக்கிழமைக் கோழி. தேடிக் கண்டுபிடித்தவன் உங்கள் மோக்ஷன்' என்று தலைப்பு. பத்து நாள் ஓகோவென்று ஓடியது. பிறகு கொச்சியிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபோன குடும்பங்களின் கண்ணில் பட்டது. இறைச்சியில் க்ரீம் ஊற்றியவள் என்ன யூதப் பெண் என்று கேட்டார்கள். சாரா என்ற பெயரையே எழுதிக் காறித் துப்பினார்கள். அப்புறம்தான் அந்தக் கும்பிடு. பேர் வந்தபோது அவருடைய தேடல், பழி வந்தபோது போடி அம்மா!

சாராவின் மகள் லேயா இஸ்ரேலிலிருந்து ஒரே ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். மலையாளமும் தமிழும் கலந்த அதே பழைய பேச்சு. "எங்க அம்மையோட அடுக்களையில இறைச்சியில பால் சேர்ந்ததே இல்ல. நீங்களா சேச்சி அப்படிப் பறஞ்சது?"

மெஹ்ராஜ் அதற்கு இன்னும் பதில் அனுப்பவில்லை. நான்கு நாளாகப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். நான் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அது பாதி உண்மை. மோக்ஷன் பாக்கெட்டைப் பிரித்தபோது அவள் வாயைத் திறந்தாள். "தம்பி, அது…" என்றாள். கேமராக்காரன், "அம்மா, சிரிங்க" என்றான். சிரித்தாள். சட்டி முழுக்க வெள்ளையாகும் வரை சிரித்துக்கொண்டே நின்றாள். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் தன் கன்னத்தில் தானே அறைய வேண்டும்போல இருந்தது.

ஹமீதுக்கு வேறு கவலை. பஸ் ஸ்டாண்டு பக்கம் அவர் புதிதாகப் போடும் ஏலக்காய்க் கடையைத் திறந்துவைக்க மோக்ஷன் வருவதாக முன்பே வாக்குக் கொடுத்திருந்தார்.

"நோட்டீஸ் அடிச்சாச்சு மெஹ்ராஜு. இந்த நேரத்துல வாயத் தொறந்துறாத."

"அவரு என் தலையில மொளகா அரைச்சாலும் நோட்டீஸ் அடிச்சாச்சுன்னு குனிஞ்சு குடுக்கணுமாக்கும்?"

"செத்துப்போன அம்மாவுக்கு இதெல்லாம் தெரியவா போகுது?"

மெஹ்ராஜ் கையிலிருந்த கரண்டியை நங்கென்று வைத்தாள். "அவுங்க வந்து பேச முடியாதுங்கிற தைரியத்துலதான எல்லாரும் பேசுறீங்க? அவுங்க உப்பத் தின்னவங்க நாம. ஒங்களுக்குமா ஒறைக்கல?"

ஹமீது சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

திறப்பு விழாவன்று கடைக்குப் பின்கட்டில் பிரியாணி இறங்கிக்கொண்டிருந்தது. மோக்ஷன் காரிலிருந்து இறங்கி நேரே அங்கே வந்தார். கூட வந்த ஆட்களை வெளியே நிறுத்திவிட்டு, மெஹ்ராஜின் காதோடு காதாக, "சாரிம்மா. மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

"குத்தம் ஊரு முன்னாடி. மன்னிப்பு மட்டும் அடுப்படியிலயா தம்பி?"

அவர் முகம் ஒரு நொடி கறுத்தது. பிறகு பழக்கப்பட்ட சிரிப்பு வந்து மூடிக்கொண்டது. "இன்னைக்கு லைவ்ல வெளக்கம் சொல்றேன்னு ஏற்கெனவே போட்டிருக்கேம்மா. நீங்களும் வந்து பக்கத்துல நில்லுங்க. போதுமா?"

வாசலில் சிவப்பு ரிப்பன், தட்டில் கத்தரிக்கோல், தெரு கொள்ளாத கூட்டம். மோக்ஷனின் மேனேஜர் போனை நீட்டிப் பிடித்தார். மோக்ஷன் மெஹ்ராஜின் தோளில் கைபோட்டு, "இவங்கதான் மக்களே அந்த அம்மா. வெகுளி. அன்னைக்குப் பேச்சுக் கொழப்பத்துல ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு…" என்று தொடங்கினார்.

"தப்புக்குக் காலா இருக்கு, தானா நடந்து வர?" என்றாள் மெஹ்ராஜ்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மோக்ஷனும் பெரிதாகச் சிரித்து அவள் தோளை அணைத்தார். மெஹ்ராஜ் சிரிக்கவில்லை. இந்தத் தடவை அவள் தெளிவாக இருந்தாள். தோளிலிருந்த கையை எடுத்துக் கீழே விட்டாள்.

"நடக்கல தம்பி. செஞ்சது. பால்னு நான் சொன்னது தேங்காப்பால. கிண்ணத்துல பிழிஞ்சு ஒங்க கைக்கு எட்டுற தூரத்துல வச்சிருந்தேன். க்ரீம ஊத்துனது நீங்க." போனை நேராகப் பார்த்தாள். குரலில் கோபம் இருந்தது. அதில் பாதி அவள்மீதே இருந்தது. "லேயா கண்ணு, ஒங்கம்மா மேல ஒரு பழியும் இல்ல. அவரு ஊத்தும்போது நான் பாத்துக்கிட்டே நின்னேன். தடுக்கல. சிரிச்சேன். வீட்டுக்குப் பெரிய மனுசன் வந்துட்டாருங்கிற பெருமையில பதினேழு வருசத்து உப்ப மறந்துட்டேன். அது என் தப்பு. நான் செஞ்சது."

மெஹ்ராஜ் மோக்ஷனிடம் திரும்பினாள். "என்னுத நான் சொல்லிட்டேன். ஒங்களுத நீங்க சொல்லுங்க. 'நான் ஊத்துனேன்'. ரெண்டே வார்த்தைதான்."

மோக்ஷன் மேனேஜரைப் பார்த்தார். எத்தனையோ வசனத்தை ஒரே மூச்சில் பேசிக் கைதட்டு வாங்கிய வாய், இந்த இரண்டு வார்த்தைக்கு ஒட்டிக்கொண்டது.

"அண்ணே, நெட்டு போயிருச்சு" என்று மேனேஜர் போனை அணைத்தார்.

"எங்களுக்கெல்லாம் வருதேப்பா!" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

ஹமீது தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மோக்ஷன் கத்தரிக்கோலை எடுப்பதா வேண்டாமா என்று விழித்தார். அப்போது மெஹ்ராஜின் போன் அடித்தது. லேயா. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். இனிமேல் எதையும் காதோடு காதாகக் கேட்கிற உத்தேசம் அவளுக்கு இல்லை.

லேயா அழுதுகொண்டே கத்தினாள். "அவன் யாரோ, சேச்சி. அவனுக்கு என்ன தெரியும்? நீங்க அம்மையோட கூட நின்னவங்க! உங்களுக்குத் தெரியும்! தெரிஞ்சும் சிரிச்சீங்களே சேச்சி! நாலு நாள் ஒரு பதில் சொல்லத் தோணலையா?"

"ஆமா கண்ணு" என்றாள் மெஹ்ராஜ்.

லேயா நிறுத்தவில்லை. தெரு மொத்தமும் கேட்டுக்கொண்டிருக்க, மெஹ்ராஜ் போனை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி, ஒரு 'ஆனா'கூடச் சொல்லாமல், அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.